வளைகாப்புக்கு வண்டி ஓட்டியவன்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது நான் ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் யார்டில் டிரைவராக இருந்தேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த ஆறு அறைகளில் ஒன்றில், எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு வாடகைக்குத் தங்கியிருந்தேன்.

யார்டு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் செய்து முடித்த புதுக் கார்கள் வந்து நிற்கும் பெரிய மைதானம். கேட்டில் காரை வாங்கி, உள்ளே ஓட்டிக்கொண்டு போய், கோடு போட்ட இடத்தில் நிறுத்த வேண்டும். ஏற்றிப் போக டிரெய்லர் லாரி வந்தால், நிறுத்திய காரை எடுத்து லாரி வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது கார் வரை ஓட்டுவேன். எல்லாம் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத சீட்டுகள். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. தரை கேரம் போர்டு மாதிரி சமமாக இருக்கும். இடம் மிச்சம் பிடிக்கப் பக்கக் கண்ணாடிகளை மடக்கிவைத்துத்தான் ஓட்டுவோம். வண்டி நகர்ந்தால் நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னிக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் யார்டின் சட்டம்.

அந்தச் சட்டத்துக்குள் நான் ராஜா. இரண்டு கார்களுக்கு நடுவில் மூன்றாவது காரை, ஒரு பக்கம் உள்ளங்கை அகல இடைவெளி விட்டு, ஒரே தடவையில் சொருகிவிடுவேன். சூப்பர்வைசரே நின்று பார்ப்பார்.

இதனால் எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. யார் வண்டி ஓட்டினாலும் பொறுக்காது. கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "இங்க பிரேக் அடிக்கணும், இவன் ஏன் அடிக்காம இருக்கான்?" என்று முனகிக்கொண்டே தரையை மிதிப்பேன். ஷேர் ஆட்டோவில் போனால் ஆட்டோக்காரருக்குக் கை வராது. டிரெய்லர் லாரிக்காரர்களுக்கு ரிவர்ஸ் தெரியாது. சாலையில் போகிற யாருக்குமே இடம் வலம் தெரியாது. என் அறைத் தோழர்கள் என்னோடு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஊரில் அம்மா, "எம் மவன் தெனமும் நாப்பது காரு ஓட்டுதான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அம்மா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த நாற்பதில் ஒரு கார் கூட கேட்டைத் தாண்டி வெளியே போனதில்லை. லைசென்ஸ் எடுத்தது ஊரில் டிரைவிங் ஸ்கூலில். பன்னிரண்டு நாள் ஓட்டினேன், பன்னிரண்டு நாளும் மாஸ்டரின் கால் அவர் பக்கத்துப் பிரேக்கில் இருந்தது. அதற்குப் பிறகு நேராக யார்டு. மூன்றாவது கியர் எங்கே இருக்கிறது என்று தெரியும். போட்டுப் பழக்கமில்லை. இது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் விசேஷம்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல மனிதர். சொந்தக்காரர் ஒருவரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கி, உறை போட்டு மூடி வைத்திருந்தார். அவருக்கு மொபெட் மட்டும்தான் ஓட்டத் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள் காரைத் துடைப்பார், ஸ்டார்ட் பண்ணிக் கேட்பார், அணைத்துவிடுவார். எங்காவது போக வேண்டுமென்றால் நாள் கூலிக்கு வந்து ஓட்டித்தரும் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுவார்.

அவருடைய ஒரே மகளை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு நடத்தி, அப்படியே பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. சம்பந்தி வீட்டுக்குச் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப நாள் ஆசை. அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆக்டிங் டிரைவர் போன் பண்ணி, ஏர்போர்ட் சவாரி கிடைத்துவிட்டது, வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

சுழற்சி முறையில் அன்று எனக்கு வார விடுமுறை. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பட்டு வேட்டியோடு வந்து நின்றார்.

"தம்பி, இன்னிக்கு லீவுதானே? நம்ம வண்டிய கொஞ்சம் எடுக்கறியா? வாலாஜாபாத் போய்ட்டு பாப்பாவ இட்டுக்கினு வந்துடலாம்."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் நிறைய நுரை இருந்தது. துப்பிவிட்டு, "அதுக்கென்னண்ணே, எடுத்துட்டாப் போச்சு" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம்கூடப் பயம் இல்லை. அதை இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

வீட்டுக்காரர் முன்சீட்டில். அவருடைய மனைவி பின்சீட்டில், வளையல் தட்டு, பூ, பழம், சந்தனக் கிண்ணத்தோடு. நான் சாவியைத் திருகியதும் கை தானாகப் போய்க் கண்ணாடிகளை மடக்கியது. தானாகப் போய் அந்தச் சிவப்பு முக்கோணப் பொத்தானையும் அழுத்தியது. நான்கு விளக்கும் மின்ன ஆரம்பித்தன. இரண்டு வருடப் பழக்கம். எனக்கு அது செருப்பு மாட்டுவது மாதிரி. செய்கிறோம் என்றே தெரியாது.

பழைய காரின் கிளட்ச், புதுக் கார்களின் கிளட்ச் மாதிரி இல்லை. தெரு முனைக்குள் இஞ்சின் இரண்டு தடவை அணைந்தது. "வண்டி ரொம்ப நாளா நிக்குதுல்லண்ணே, இஞ்சின் சூடாகணும்" என்று சொன்னேன். அவர், "ஆமா ஆமா" என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு மெயின் ரோட்டில் ஏறி, இரண்டாவது கியரிலேயே, முப்பதுக்கும் கீழே, இஞ்சின் கத்தக் கத்தப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. சாலையே எனக்கு வழி விட்டது.

பொய் சொல்லவில்லை. கம்பெனி பஸ்கள் ஒதுங்கின. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் கையை நீட்டிப் பின்னால் வந்தவர்களை நிறுத்தி, என்னைப் போகச் சொன்னார். கண்டெய்னர் லாரி ஒன்று ஓரம் கட்டி நின்றது. வீட்டுக்காரர் திரும்பித் தன் மனைவியிடம், "பாத்தியா, ஓட்றவன் ஓட்டுனா எல்லாம் ஒதுங்கிப் பூடுவானுங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வண்டியைப் பார்த்ததுமே ஓட்டுகிறவன் கை எப்படி என்று தெரிந்துவிடும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

வல்லக்கோட்டையில் நிறுத்தி, முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் ரோட்டில் போகும்போது ஒரு மோட்டார் சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார். காருக்குள் எட்டிப் பார்த்தார். பின்சீட்டில் வீட்டுக்கார அம்மா கண்ணை மூடி, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓட்டிய லட்சணத்துக்காகத்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. அவ்வளவுதான், அந்த மோட்டார் சைக்கிள்காரர் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டு, ஹாரன் அடித்து, கையை ஆட்டி ஆட்டி எல்லோரையும் விலக்கினார். ஊருக்குள் நுழைந்தும் விடவில்லை. ஓர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே போங்கள் என்று கை காட்டினார். நான் அவருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு நேராகப் போய்விட்டேன். அந்த மனிதர் திறந்த வாய் திறந்தபடி நடுரோட்டில் நின்றது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது.

வீட்டுக்காரர் கேட்டார். "யாரு தம்பி அந்தாளு?"

"தெரியலண்ணே. நல்ல மனுசன்."

சம்பந்தி வீட்டுச் சந்து குறுகலானது. அங்கேதான் என் வித்தையைக் காட்டினேன். சுவருக்கும் வாசலில் நின்ற சாப்பாட்டு வேனுக்கும் நடுவில் இருந்த இடத்தில், ஒரே தடவையில் காரைச் சொருகினேன். வாசலில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் ஆ என்று பார்த்தார்கள். யாரோ கை கூடத் தட்டினார்கள். ஆனால் வீட்டுக்காரர் பக்கம் சுவரோடு உள்ளங்கை அகல இடைவெளிதான் இருந்தது. அவர் கதவு திறக்கவில்லை. யார்டில் முன்சீட்டில் ஆள் உட்கார்வதில்லை. அதனால் எனக்கு அந்த யோசனையே வரவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, கியரைத் தாண்டி, ஸ்டீயரிங்கில் இடித்து ஹாரன் அடித்து, என் பக்கமாக அவர் இறங்கினார். சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் நிறைவேறியது. ஆனாலும் மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை. "தம்பி டெய்லி நாப்பது காரு ஓட்டுது" என்று சம்பந்தியிடம் சொன்னார்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. புளிசாதம், தயிர்சாதம் என்று ஐந்து வகை. மகளுக்கு முழங்கை வரை கண்ணாடி வளையல்கள், கன்னத்தில் சந்தனம், தலை நிறையப் பூ. மாப்பிள்ளை தொழிலாளர் விடுதிகளுக்குச் சாப்பாடு சப்ளை செய்கிறவர். வாசலில் நின்ற வேன் அவருடையதுதான். மாலைச் சாப்பாடு போக வேண்டும் என்பதால் அவர் எங்களோடு வரவில்லை. மனைவியைக் காரில் ஏற்றிவிட்டு, என்னையும் காரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பாத்துப் போங்கண்ணா" என்றார். அதையும் நான் மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நல்ல நேரம் பார்த்துக் கிளம்பியதில், ஒரகடம் வரும்போது சரியாக ஷிஃப்ட் மாறும் நேரம். அந்த நேரத்தை அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லாத் தொழிற்சாலைகளிலிருந்தும் பஸ்கள் ஒரே சமயத்தில் வெளியே வரும். அவற்றுக்கு நடுவில் லாரிகள், அவற்றுக்கு நடுவில் மோட்டார் சைக்கிள்கள். பின்சீட்டில் மகள் ஆரம்பத்திலிருந்தே சீட்டின் நுனியில், முன்னால் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத வயிற்றோடு அப்படி ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று யோசித்தேன். முதுகு வலியாக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

"அண்ணா, எதுக்கு நாலு இண்டிகேட்டரும் எரிது?" என்று கேட்டாள்.

"வண்டி ஓடும்போது எரியணும்மா. அதான் ரூல்."

அவள் எட்டிப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு, "வரும்போதும் இப்படியேதான் வந்தீங்களா?" என்றாள்.

"ஆமா."

"கண்ணாடியும் மடக்கிக்கினா?"

நான் பதில் சொல்வதற்குள் முன்னால் போன பஸ் நின்றுவிட்டது. நாங்கள் நின்ற இடம் மேம்பாலத்தின் ஏற்றம். இரண்டு வருடத்தில் ஒரு நாள் கூட நான் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுத்ததில்லை. பஸ் நகர்ந்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கார் முன்னால் போகவில்லை. பின்னால் போனது. பதறி கிளட்சை விட்டேன், அணைந்தது. பிரேக் மிதித்து மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். மறுபடி காலை எடுத்தேன், மறுபடி பின்னால். வீட்டுக்காரர், "லெஃப்ட்ல ஒட்டு, லெஃப்ட்ல ஒட்டு" என்று கத்தினார். அவர் காலையிலிருந்து எதற்கெடுத்தாலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் காது கிழியும் ஹாரன். கண்ணாடி மடக்கியிருந்ததால் என்ன வருகிறது என்றே தெரியவில்லை. மூன்றாவது தடவை என் கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கார் தன்பாட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில், வளையல் குலுங்க ஒரு கை பாய்ந்து வந்தது. ஹேண்ட் பிரேக்கை ஒரே இழு. கார் குலுங்கி நின்றது.

நான்கு விளக்கும் டிக் டிக் என்று மின்னும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடி முழுக்க ஒரு டிரெய்லர் லாரியின் முகம்தான் தெரிந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில், என் தொழிலில் நான் பெருமையாக விடுகிற அதே உள்ளங்கை அகலம்.

முதலில் பேசியது வீட்டுக்கார அம்மா. "ஐயோ, வளையல் ஒண்ணு ஒடஞ்சிபோச்சே!" லாரி இடிக்க வந்ததை அவர் இன்னும் கவனிக்கவே இல்லை.

"அண்ணா, நீங்க கீழ எறங்குங்க" என்றாள் மகள்.

வீட்டுக்காரர் அலறினார். "நீ இன்னா பண்ணப் போற? வவுத்துப் புள்ளக்காரி!"

"இவரு ஓட்டுனா இங்கியே பொறந்துடும்பா. எறங்குங்கண்ணா."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"எங்க வூட்டு சாப்பாட்டு வேன ரெண்டு வருசமா யாரு ஓட்றாங்கன்னு நெனச்ச? உங்கிட்ட சொன்னா கத்துவேன்னு சொல்லல."

வீட்டுக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா உடைந்த வளையல் துண்டுகளை முந்தானையில் பொறுக்கியபடி, "எனக்குத் தெரியும்" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

நான் இறங்கினேன். லாரிக்காரரும் இறங்கி என்னை அடிப்பதற்குத்தான் வந்தார். வடநாட்டுக்காரர். பக்கத்தில் வந்ததும் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். எனக்கும் அவரைத் தெரிந்தது. எங்கள் யார்டுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறவர். போன வாரம்தான், ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதா என்று ஆட்கள் முன்னால் அவரைச் சத்தம் போட்டிருந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் லாரியில், நான் அன்றாடம் நிறுத்துகிற அதே புதுக் கார்கள் இரண்டு அடுக்காக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அரே, யார்டு பாய்!" என்றார். பிறகு, பூவும் சந்தனமும் வளையலுமாக ஒரு கர்ப்பிணி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்வதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் அதை விழுங்கிவிட்டு, நடுரோட்டில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்துப் பின்னால் வந்த அத்தனை வண்டிகளையும் நிறுத்தினார்.

அவள் சீட்டைப் பின்னால் தள்ளினாள். கண்ணாடிகளை விரித்தாள். அந்தச் சிவப்புப் பொத்தானை அணைத்தாள். காருக்குள் அந்த டிக் டிக் நின்றதும்தான் காலையிலிருந்து அது எவ்வளவு சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்று எனக்கு உறைத்தது. அதோடு சேர்ந்து, அந்த மோட்டார் சைக்கிள்காரர் எங்களை ஏன் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அழைத்துப்போனார் என்பதும் உறைத்தது. வழியெல்லாம் ஒதுங்கி நின்ற பஸ், ஆட்டோ, லாரி எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பின்சீட்டில் ஏறி, காலித் தட்டுகளை மடியில் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

கிளட்சும் ஆக்சிலேட்டரும் எங்கே மாறின என்றே தெரியவில்லை. ஹேண்ட் பிரேக் இறங்கியது, கார் பின்னால் ஓர் அங்குலம் கூடப் போகாமல் மேலே ஏறியது. பாலத்தைத் தாண்டியதும் மூன்றாவது கியர், பிறகு நான்கு. அந்தக் கார் அவ்வளவு அமைதியாக ஓடும் என்று எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது. ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் வளையல்கள் சலசலத்தன. பஸ்கள் குறுக்கே வந்தன, வண்டிகள் உரசிக்கொண்டு போயின. யாரும் வழி விடவில்லை. அவளும் யாரையும் திட்டவில்லை. போகிறவனைப் போகவிட்டு, தனக்கு இடம் கிடைத்தபோது போனாள். வீட்டுக்காரர் இரண்டு தடவை "லெஃப்ட்ல ஒட்டு" என்றார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மூன்றாவது தடவை சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு, "நீங்க நல்லா ஓட்டுதீங்கம்மா" என்றேன். என் வாயிலிருந்து இன்னொரு டிரைவரைப் பற்றி முதல்முதலாக வந்த நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"நான் சுமாராத்தான் ஓட்டுவேன்ணா. எங்க வூட்டுக்காரர் சூப்பரா ஓட்டுவாரு."

"அப்படியா?"

"அவருதான் சொல்லிக்கினு இருப்பாரு. வேன்ல இருக்கற நசுங்கல் எல்லாம் அவரு பண்ணதுதான்."

பிள்ளைப்பாக்கத்தில் தெருவே வாசலில் காத்துக்கொண்டிருந்தது. ஆரத்தித் தட்டோடு நான்கைந்து பெண்கள். கார் வந்து நின்றதும் பின்கதவுப் பக்கம் ஓடி வந்தார்கள். கதவைத் திறந்தால், மடியில் வளையல் தட்டும் கையில் பூச்சரமுமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு அம்மாள் வந்த வேகத்தில் எனக்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அந்தப் பக்கம் டிரைவர் கதவைத் திறந்துகொண்டு பெண் இறங்கினாள். என் அறைத் தோழர்கள் இரண்டு பேரும் மாடிப்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு ஊர் வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்காரர் ஒரு வாரம் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு டீக்கடையில், "எம்பொண்ணு பாலத்து மேல எடுத்தா பாரு, நான்தான் பக்கத்துல குந்திக்கினு லெஃப்ட்ல ஒட்டச் சொன்னேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

டிரெய்லர்காரர் திங்கட்கிழமை யார்டுக்கு வந்தார். நான் எங்கே ஒளிந்துகொள்வது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். பிறகு உள்ளங்கையைச் சாய்த்து, அதை மெல்லப் பின்னால் வழுக்கிக் காட்டிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்கு அவர் ரிவர்ஸ் எடுப்பதை முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். அத்தனை நீள வண்டியை, அந்த இடத்தில், அவர் எடுத்தது மாதிரி என்னால் இந்த ஜென்மத்தில் எடுக்க முடியாது.

அந்த மகளிடமே போய், ரோட்டில் ஓட்டச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டேன். கேட்பதற்கு மூன்று நாள் ஆனது. அவள் சிரிக்கவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில், லாரிகள் குறைவாக இருக்கும் தொழிற்பேட்டைச் சாலைகளில், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து சொல்லித்தந்தாள். அவள் அப்பா பின்சீட்டில் துணைக்கு. ஏற்றத்தில் எடுப்பது, கண்ணாடியைப் பார்ப்பது, பின்னால் வருகிறவன் அவசரத்தில் இருந்தால் விட்டுவிடுவது. நான்காவது ஞாயிறு பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். ஆனாலும் அவளுக்கு வலி கண்ட அன்று, நான் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றும், யாரும் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டோ பிடித்துத்தான் போனார்கள். அவளுக்குப் பெண் குழந்தை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து யார்டில் ஒரு பாதுகாப்பு வகுப்பு நடந்தது. வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் எங்கள் பத்து டிரைவர்களுக்கும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். இந்தப் பத்துப் பேரில் ஓட்டுவதில் நீங்கள் எத்தனையாவது இடம், பெயரோடு எழுதிக் கொடுங்கள் என்றார். கொஞ்சம் யோசித்தேன். கூட இருக்கும் ஒருவர் முன்பு டவுன் பஸ் ஓட்டியவர், இன்னொருவர் லாரி, இரண்டு பேர் கால் டாக்சி. மனசாட்சியோடு எட்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் பத்துச் சீட்டும் இருந்தன. ஏழு பேர் ஒன்று, இரண்டு பேர் இரண்டு.

"இன்னாடா இது? எல்லாரும் ஒண்ணு ரெண்டு போட்டுக்கீறானுங்க. நீ மட்டும் எட்டு போட்டுக்கீற. கண்ணு கிண்ணு மங்கலா தெரிதா? எதுனா மாத்திரை சாப்புட்றியா?"

"இல்ல சார். உண்மையைத்தான் எழுதினேன்."

"உண்மையா? நாளைக்கு எதுனா இடிச்சா, இவனே எட்டுன்னு எழுதிக் குடுத்தான், அப்புறம் ஏன் வண்டி குடுத்தேன்னு என்னத்தான் கேப்பாங்க!"

கண் டாக்டரிடம் அனுப்பிவிட்டார். அந்தச் சான்றிதழ் வரும் வரை, இரண்டு நாள், வண்டி தொடக் கூடாது. சாவி எடுத்துக் கொடுக்கும் கூண்டில் உட்கார வைத்தார்கள். முதல் நாளே, ஒன்றாம் இடம் எழுதிய ஒருவர் விளக்குக் கம்பத்தில் பம்பரை இடித்துக்கொண்டு வந்தார். வெயில் கண்ணில் பட்டுவிட்டது, இல்லையென்றால் தன் கைக்கு அதெல்லாம் நடக்காது என்று சாவியை நீட்டினார். எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் அந்த இடத்தில் நான் நின்றிருந்தால், நானும் வெயிலைத்தான் சொல்லியிருப்பேன். என் கண் இரண்டும் நன்றாக இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

இப்போது வேறு கம்பெனியில், ஊழியர்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறேன். தினமும் அந்தப் பாலத்தில் ஏறி இறங்குகிறேன். நன்றாக ஓட்டுவீர்களா என்று யாராவது கேட்டால் வாய் இன்னமும் "பின்னே?" என்று சொல்லத்தான் வருகிறது. அதற்குள் பின்சீட்டுகளைப் பார்க்கும் கண்ணாடியை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அங்கே யாராவது சீட்டின் நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தால் வேகத்தைக் குறைக்கிறேன், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஓரளவு ஓட்டுகிறேன் என்று அர்த்தம். நான் ஓட்டுவதற்கு மார்க் போட வேண்டியவர்கள் அவர்கள்தான், நான் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் என்னிடம் நிஜமான லைசென்ஸ் இருப்பதாக நினைக்கிறேன்.